வாசலில் நிற்கிற பாட்டு

சங்கீதத்தைப் பற்றிக் கதாசிரியன் எழுதப் புறப்பட்டால் வித்வான்களுக்குச் சிரிப்பு வரும், அது நியாயந்தான். எனக்குச் சுரஞானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு ராகங்களைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லுவேன். மற்றவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முணுமுணுத்தால் தெரிந்துகொள்வேன். ஆகவே சங்கீத விமரிசனம் எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் ஒரே ஒரு பாட்டைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். முப்பது வருஷமாக அதனுடன் பழகியிருக்கிறேன். அவ்வளவு காலம் பழகியவனுக்கு நல்லது பொல்லாது சொல்லும் பாத்தியதை உண்டல்லவா?

அந்தப் பாட்டு கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனங்களில் ஒன்றான 'வருகலாமோ'. மாஞ்சி ராகம், மிச்ர சாபு தாளம். கச்சேரிக்குப் போகும் பழக்கமுள்ளவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருப்பார்கள். அந்தக் கண்ணீரைப் பற்றித்தான் எனக்கு ஒரு சந்தேகம். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் நான் அதைக் கேட்டது வார்த்தை இல்லாமல். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணம். என் தகப்பனார் அந்த வீட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பதினான்கு வயது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விவரம் சொல்ல வேண்டும். தெருவில் திண்ணை, திண்ணையைத் தாண்டினால் முகப்பு, முகப்பைத் தாண்டினால் தூண்கள் வரிசையிட்டு நிற்கும் வளவு, அதற்கும் அப்பால் கட்டுக்கட்டாகப் பின்தெரு வரை வீடு போய்க்கொண்டே இருக்கும். யார் எந்த இடம் வரை போகலாம் என்று அங்கே யாரும் எழுதி ஒட்டுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். கணக்கப்பிள்ளையின் மகனாகிய எனக்கு முகப்பு வரை தாராளம். வளவுக்குள் கூப்பிட்டால் போகலாம்.

இரவுச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் படுக்கப் போய்விட்டார்கள். சிறியவர்கள் சீட்டாட்டத்தில் இருந்தார்கள். மேளக்காரர்களை யாரும் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் நாகஸ்வரக்காரர் தமக்காகவே வாசிப்பதுபோல ஒன்றை எடுத்தார். தவில்காரர் ஓசையைக் குறைத்துக்கொண்டு விரல்களால் மட்டும் தடவிக் கொடுத்தார். நான் முகப்புத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வாசிப்பு நாலு அடி முன்னால் வரும், நிற்கும், யோசிக்கும், திரும்பிப் போகும், மறுபடியும் வரும். அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அவ்வளவு பெரிய வாத்தியம் அவ்வளவு அடக்கமாக ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. எதைச் சொல்கிறது என்பது விளங்கவில்லை. என் நெஞ்சில் ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது.

பந்தல் காலுக்கு வெளியே, தெருவில், ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சமையலுக்கு வண்டியில் விறகு கொண்டுவந்து போட்டவர். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். என் தகப்பனாரைவிடப் பத்து வயதாவது மூத்தவர். காற்றுக்காக வெளியே வந்த நான், அவர் கேட்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு வேடிக்கையாக, "இது என்ன பாட்டுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன, தம்பி? நந்தன் பாட்டுல்ல! நாடகத்துல கேட்டிருக்கேன். வரலாமா, வரலாமான்னு கேப்பாக."

"எங்க வர?"

அவர் சிரித்தார். "போயி வாசிக்கிறதக் கேளுங்க தம்பி, முடிஞ்சிரப் போகுது" என்றார்.

நான் போய்த் தூணடியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் நின்றுகொண்டேயிருந்தார். பாட்டு முடிந்தபிறகு எட்டிப் பார்த்தேன். வண்டியும் இல்லை, அவரும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். அன்று இதை ஒரு சம்பவம் என்றே நான் நினைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது ஒரு ராகம். அதுதான் விசேஷமாகப் பட்டது.

ஒரு வருஷம் கழித்து, திருச்சி வானொலியில் ஒரு சாயங்காலம் அதே ராகம் வார்த்தையோடு வந்தது. பாடியவர் யார் என்று அறிவிப்பதற்குள் மின்சாரம் போய்விட்டது. ஆனால் வார்த்தை கேட்டுவிட்டது. விறகு வண்டிக்காரர் சொன்னது சரிதான், அது கேள்வி. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவன் உள்ளே வரலாமா என்று கேட்கிற கேள்வி. அன்று முதல் அந்தப் பாட்டைத் தேடித் தேடிக் கேட்டேன். நாடா போட்டுக் கேட்கிற காலத்தில் நாடா தேயும் வரை கேட்டேன். இப்போது கைப்பேசியில் ஒரு விரல் தட்டினால் பத்துப் பேர் பாடிக் காட்டுகிறார்கள்.

இனி பாட்டின் கட்டுக்கு வருகிறேன்.

அடுத்த வீட்டு வாசலில் நின்றால் 'வரலாமா?' என்கிறோம். 'ஆ' என்று முடிகிற கேள்வி ஒரு பதிலை எதிர்பார்த்து நிற்கும். பாரதியார் 'ஓ' போட்டார். தமிழில் 'ஓ' ஐயத்துக்கு உரியது. கேட்கிறவனே தன் கேள்வியின்மேல் சந்தேகப்படுகிறான். 'வரலாமா'வில் இல்லாத ஓர் அசையும் நடுவில் சேர்ந்திருக்கிறது. அந்த ஓர் அசையின் தயக்கத்தில்தான் பாட்டு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பாடகர்கள் அந்தச் சொல்லை இழுத்து நிறுத்தும்போது கவனித்துக் கேளுங்கள்.

ராகத்தைப் பார்ப்போம். மாஞ்சி தனிக்காட்டு ராஜா அல்ல. பைரவியை ஒட்டி வாழ்கிற ராகம். முகாரியின் சாயலும் அதன்மேல் விழும். மெள்ள மெள்ள நகர்கிற பிடிகளால்தான் அதற்குத் தனி உருவம் கிடைக்கிறது. பாடுகிறவர் கொஞ்சம் அசந்தால் பைரவிக்குள் நுழைந்துவிடுவார். அதனாலேயே மணிக்கணக்காக ஆலாபனை செய்ய அதை எடுப்பவர்கள் குறைவு. சியாமா சாஸ்திரியும் தீட்சிதரும் இந்த ராகத்தில் செய்திருக்கிறார்கள். அவை பெரிய கிருதிகள். ஆனால் பைரவி என்கிற பெரிய மாளிகையின் வாசற்படியிலேயே நிற்கும் ஒரு ராகத்தை, கோயில் வாசலில் நிற்கிறவன் வாயில் வைக்க வேண்டும் என்று பாரதியாருக்கு எப்படித் தோன்றிற்று? யோசித்துச் செய்தாரோ, தானாக வந்ததோ! நல்ல கலைஞனிடத்தில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

தாளம் மிச்ர சாபு. ஏழு அட்சரம், மூன்றும் நாலுமாகப் பிரிந்து விழும். ஆதி தாளம் போலக் கம்பீரமாக நிமிர்ந்து நடக்காது. ஒரு கால் குட்டையாகவும் ஒரு கால் நெட்டையாகவும் இருப்பவனின் நடை அது. வேகமாகப் போட்டால் அதிலே குதிப்பும் துள்ளலும் வரும். சௌக்கமாகப் போட்டால் தயங்கித் தயங்கி அடி எடுத்து வைக்கிறவனின் நடை வந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பல்லவி. நம்முடைய கீர்த்தனை அமைப்பில் அநுபல்லவி பாடினாலும் சரணம் பாடினாலும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். மற்றப் பாட்டுகளில் அது ஒரு சம்பிரதாயம். வீடு திரும்புவதுபோல ஒரு சுகம். இந்தப் பாட்டில் பல்லவியே கேள்வி. சரணத்தில் தன் ஏக்கத்தையும் நியாயத்தையும் எடுத்துச் சொல்லிக்கொண்டு மேலே போகிறான், பதில் இல்லை, திரும்பிவந்து அதே கேள்வியைக் கேட்கிறான். வீடு திரும்புகிற சுகம் இங்கே இல்லை, வாசலுக்குத்தான் திரும்புகிறான். முகப்புத் தூணில் சாய்ந்துகொண்டு, வார்த்தை தெரியாமலே, 'வருகிறது, நிற்கிறது, திரும்புகிறது' என்று நான் உணர்ந்தது இதைத்தான். கடைசியில் பாட்டு முடிகிற இடமும் பல்லவிதான். கேள்வியில் ஆரம்பித்துக் கேள்வியிலேயே முடிகிறது. பதில் பாட்டுக்குள் இல்லை.

இதனால்தான் இந்தப் பாட்டை அழுதுகொண்டு பாடக்கூடாது என்பது என் அபிப்பிராயம். சில பேர் குரலைக் கம்ம வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். சபையில் கைக்குட்டைகள் வெளியே வருகின்றன. எல்லோரும் அழுது தீர்த்துவிட்டு மனம் லேசாகிக் காப்பி சாப்பிடப் போகிறார்கள். நந்தன் அழவில்லை ஐயா! கேட்டான். மரியாதையாகக் கேட்டான். மரியாதையாகக் கேட்கிறவனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்பதுதான் நமக்குக் கஷ்டமான விஷயம். நாமே அவனுக்காக அழுதுவிட்டால் பதில் சொன்னதாக நினைத்துக்கொள்ளலாம். நல்ல பாடகர் நம்மை அப்படித் தப்பிப் போக விடமாட்டார். சங்கதிகளைக் குறைத்துக்கொண்டு, ஸ்வரத்தை நிதானமாக நிறுத்தி, கேள்வியைக் கேள்வியாகவே நம் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரம் பக்கத்தில் வாழ்ந்தவர். அந்தணர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். காவேரிக் கரை மிராசுதார்களின் ஆதரவில் இருந்தவர். சேக்கிழார் பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் கதையைச் சொல்லும்போது நந்தனாருக்குக் கொடுமை செய்கிற ஆண்டை என்று ஒருவரும் அதில் இல்லை. நாற்பது வேலி நிலத்தையும் பயிரேற்றி முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று சொல்கிற வேதியரைச் சிருஷ்டித்தவர் பாரதியார். மிராசுதார் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, மிராசுதாரரையே கதைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அவர் திண்ணையிலேயே அதைப் பாடுவதற்குக் கொஞ்சம் நெஞ்சுத் துணிவு வேண்டும். கேட்டவர்கள் கோபிக்கவில்லை; உருகினார்கள். இதுதான் பாரதியாரின் வெற்றி. அவருடைய தோல்வியும் இதுதானோ என்று எனக்குப் பிற்பாடு தோன்றியதுண்டு.

உ. வே. சாமிநாதையர் சொல்லியிருக்கிற ஒரு சம்பவம் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டுப் பாரதியார் நடையாக நடந்தார். இலக்கண வழுக்கள் மலிந்த நூலுக்கு எப்படிக் கொடுப்பது என்று பிள்ளை தட்டிக் கழித்துவந்தார். ஒரு நாள் பிள்ளை உள்ளே ஓய்வாக இருந்தபோது, பாரதியார் வெளியே திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டைத் தாமே பாடிக்கொண்டிருந்தார். அது காதில் விழுந்ததும் பிள்ளையின் மனம் கரைந்துவிட்டது, பாயிரம் கிடைத்தது. நந்தன் கதையைப் பாடினவருக்கும் திண்ணைதான் வாய்த்தது பாருங்கள்! ஆனால் அங்கே கதவு திறந்தது. அதே மாயூரத்தில், பிள்ளையிடம் தமிழ் கற்க வந்த இளைஞர் சாமிநாதையர் பாரதியாரிடம் கொஞ்ச காலம் சங்கீதமும் கற்றார். அது தெரிந்ததும், சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கணத்தில் போகாது என்று பிள்ளை நிறுத்தச் சொல்லிவிட்டார். இலக்கணம் பெரிதா, இசை பெரிதா என்ற வழக்கு நம் நாட்டில் பழையது.

நந்தன் கதையின்மேல் பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. இது கெஞ்சுகிறவனின் கதை. நெருப்பில் முழுகித் தன் உடம்பை மாற்றிக்கொண்ட பிறகுதான் அவனுக்கு அநுமதி. ஆகவே உள்ளே விடாதவர்களை மன்னித்து, விடப்படாதவனையே சுத்தம் செய்கிறது என்பார்கள். புதுமைப்பித்தன் 1934-ல் 'புதிய நந்தன்' எழுதியதும், இந்திரா பார்த்தசாரதி 1978-ல் 'நந்தன் கதை' நாடகத்தில் அந்த நெருப்பையே சூழ்ச்சியாகக் காட்டியதும் இந்த ஆட்சேபத்தின் வழி வந்தவை. சரியான ஆட்சேபம். நெருப்பு எனக்கும் ஜீரணமாகவில்லை.

ஆனால் கதை வேறு, பாட்டு வேறு. கதையில் நெருப்பு வருகிறது, முனிவர் உருவம் வருகிறது, மறைவு வருகிறது, எல்லாம் மங்களமாக முடிகிறது. பாட்டில் இவை ஒன்றும் இல்லை. ஒருவன் நிற்கிறான், கேட்கிறான், அவ்வளவுதான். கதையிலிருந்து பிரிந்து, தனியாகக் கச்சேரிக்கு வந்தபோது இந்தப் பாட்டுக்கு ஒரு புதிய நேர்மை கிடைத்துவிட்டது. கதை முடித்துவைத்ததைப் பாட்டு முடித்துவைக்க மறுக்கிறது. நூறு தடவை பாடினாலும் நந்தன் வாசலில்தான் நிற்கிறான். பாரதியாரின் கதைக்குள் இருக்கிற சமாதானத்தை அவருடைய பல்லவியே குலைத்துவிடுகிறது. கலைஞனைவிட அவன் கலை சில சமயம் பெரிதாகிவிடுவது இப்படித்தான்.

கச்சேரி என்றதும் இன்னொரு வாசல் ஞாபகம் வருகிறது. காரைக்குடியை ஒட்டி அரியக்குடி இருக்கிறது. அந்த ஊர்க்காரரான ராமாநுஜ ஐயங்கார்தான் இன்றைய கச்சேரிக்கு உருவம் கொடுத்தவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வர்ணத்தில் ஆரம்பித்து, சுறுசுறுப்பான கிருதிகள் பாடி, பெரிய ராகமும் தனியும் ஆனபிறகு துக்கடாக்களில் முடியும் பத்ததி அது. அவரே திருப்பாவைக்கு இசை அமைத்தவர். அருணாசலக் கவிராயரின் பாட்டுகளைப் பாடிப் பரப்பியவர். ஆனால் அந்தப் பத்ததி வேரூன்றியபோது தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் கடைசியில் போய் நின்றது. அதே செட்டிநாட்டிலிருந்து, கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், 1941-ல் சிதம்பரத்தில் தம்முடைய பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. பத்திரிகைகளில் எவ்வளவு சண்டை! இன்று சண்டை ஓய்ந்துவிட்டது. ஆனால் 'வருகலாமோ'வை எப்போது பாடுகிறார்கள் என்று கவனியுங்கள். தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப்பேர் செருப்பைத் தேடுகிற நேரத்தில்தான் பெரும்பாலும் பாடுகிறார்கள்.

வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டே போகிறேனே தவிர, என் ஊர் வாசலுக்கு இன்னும் வரவில்லை. தயக்கந்தான் காரணம்.

காரைக்குடி அந்நாளில் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1930 டிசம்பரில் அந்த ஜில்லாவில் நிலம் படைத்த சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி போடக்கூடாது, சட்டை போடக்கூடாது, தலையைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பெண்கள் மார்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மறு வருஷம் தடைகள் பதினொன்றாயின. 1931-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் துரை, இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் புத்தகத்தில் இரண்டு ஜாபிதாக்களையும் கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பது அந்தப் பதினொன்றில் ஒன்று. கல்யாணம் முதலான விசேஷங்களில் மேளம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது இன்னொன்று.

மேளம் கூடாது! இதைப் படித்தபோது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த முகப்பும், நாகஸ்வரமும், தெருவில் நின்றவரும் ஒன்றாக என் கண் முன்னால் வந்தார்கள். அவருக்கு அன்று அறுபது வயது என்று வைத்தால், இந்தத் தடை போட்ட காலத்தை ஒட்டித்தான் அவர் பிறந்திருப்பார். அவரைப் பெற்றவர்களின் கல்யாணத்தில் மேளம் இருந்ததோ, இல்லையோ!

நாகஸ்வரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அதை வாசிப்பவர்களும் வெற்றுடம்போடு நின்றுகொண்டு வாசித்த காலம் இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைதான் கிராப்பு வைத்து, சட்டையும் கோட்டும் அணிந்து, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று அடம் பிடித்தார். அதைத் திமிர் என்று அந்நாளில் சொன்னார்கள். நமக்கு இன்று அது திமிராகத் தெரியவில்லை.

கதவுகள் திறக்காமல் இல்லை. 1936-ல் திருவாங்கூரில் கோயில்கள் எல்லோருக்கும் திறந்தன. 1939 ஜூலை 8-ந் தேதி மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதையர் கக்கன் முதலியவர்களை அழைத்துக்கொண்டு போனார். அதே வருஷம், மூன்று மாதத்துக்கு முன்னால், கடலுக்கு அப்பால் ஒரு சம்பவம். மரியன் ஆண்டர்சன் என்ற நீக்ரோப் பாடகிக்கு வாஷிங்டனில் ஒரு பெரிய மண்டபத்தைக் கறுப்பர் என்பதற்காகவே தரமாட்டோம் என்றார்கள். அந்த அம்மாள் ஏப்ரல் 9-ந் தேதி லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். கேட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். மூடிய வாசலுக்கு வெளியே பாட்டு பெரிதாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்துவிட்டது.

சட்டம் வந்ததும் பாட்டு பழசாகிவிட்டதா? தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் தேரின் வடத்தை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று 1998-லிருந்து தகராறு, வழக்கு. தேர் பல வருஷங்கள் ஓடாமலே நின்றது. 2024 ஜூன் மாதம் ஓடியது. பலத்த போலீஸ் காவலோடு. சுவாமி வீதிக்கு வருவதற்கே இவ்வளவு சிரமம் என்றால், அந்த 'ஓ' இன்னும் ஓயவில்லை என்றுதானே அர்த்தம்?

நான் சொல்ல வந்த சந்தேகம் இதுதான். அழகு நம்மைத் தாலாட்டுமா, எழுப்புமா? இருபது வருஷம் என்னைத் தாலாட்டியது இந்தப் பாட்டு. மாஞ்சியின் குழைவிலே மயங்கி, 'ஆகா, என்ன ஏக்கம்!' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஏக்கப்படுகிறவன் நான் அல்ல, கேட்கப்படுகிறவன் நான் என்பது உறைக்கவில்லை. நந்தன் சிவனைப் பார்த்துக் கேட்கிறான் என்று பாடம் சொல்வார்கள். வாஸ்தவந்தான். ஆனால் சிவனுக்கும் நந்தனுக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. வாசலில் ஆள் இருக்கிறார்கள். கேள்வி அவர்கள் காதில் விழாமலா சிவன் காதுக்குப் போகும்? பாட்டைக் குற்றம் சொல்ல மாட்டேன். பாட்டு சரியாகத்தான் கேட்டது. கேட்ட காதுதான் பழுது.

விறகு வண்டிக்காரரிடம் நான் செய்யத் தவறியது பெரிய புரட்சி ஒன்றும் அல்ல. முகப்பு என்னுடையது அல்ல. அவரை உள்ளே அழைக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தெருவிலே ஒரு விசுப்பலகை கிடந்தது. 'உட்காருங்கள்' என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாத பாட்டைச் சொல்லிக்கொடுத்தவரை நான் 'நீ' என்றேன். அவர் என்னைத் 'தம்பி, கேளுங்க' என்றார். அந்தப் பாட்டின் மரியாதை முழுவதும் அவரிடத்தில் இருந்தது. அதை நான் ராகத்திலே தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அந்தப் பாட்டின்மேல் எனக்கு ஆசை குறையவில்லை. அதிகந்தான் ஆகியிருக்கிறது. ஆனால் கேட்கும்போது தூணில் சாய்ந்துகொள்வதில்லை, நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன். வாசகர்களுக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த கச்சேரியில் தனி ஆவர்த்தனம் முடிந்து, கடைசி பஸ்ஸை நினைத்து எழுந்திருக்கப் போகும் சமயத்தில் பாடகர் மாஞ்சியில் மெள்ள அந்தப் பல்லவியை எடுத்தாரானால், தயவுசெய்து உட்கார்ந்துவிடுங்கள். வாசலில் ஒருவர் வந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது நாம் பாட்டுக்கு எழுந்து போவது மரியாதை அல்ல.